விரால் கிடந்த டிரம்

நம் பள்ளிக்கூட செட்டுக்கென்று போனில் ஒரு குழு வைத்திருக்கிறோமே, அதில் போன வாரம் ஒரு படம் வந்தது. ரிட்டையர் ஆனதிலிருந்து தூண்டிலும் கையுமாக ஏரி ஏரியாகத் திரிகிற நம் தோழன், முழங்கை நீள விரால் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அதன் கீழே வரிசையாக இதயம் போட்டீர்கள். ஒருத்தி, 'ஆபரேஷன் ஆனவங்களுக்கு விரால் சூப்பு மாதிரி வராது, புண்ணு பட்டுனு ஆறிடும்' என்று எழுதினாள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. 'இன்னாம்மா, கோவமா?' என்று அவன் தனியாகக் கேட்டிருந்தான். கோபமெல்லாம் இல்லை. ஆனால் நாமெல்லாம் ஒரே வயது. முட்டியிலோ வயிற்றிலோ கத்தி படாதவர்கள் நம்மில் குறைவு, இனிப் படப்போகிறவர்கள் நிறைய. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் நான் ஒரு மாதத்துக்கு மேல் பள்ளிக்கு வராமல் இருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று டீச்சர் சொன்னாராம். அம்மை எல்லாம் இல்லை. என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டி என்றார்கள். என்ன கட்டி என்று குழந்தைகளிடம் அந்தக் காலத்தில் யார் சொன்னார்கள்?

அசோக் நகரில் நாங்கள் இருந்தது ஒரு வரிசை வீட்டின் கடைசிப் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு. நைனா கிண்டியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும்போது அவரோடு எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த ஒரு வாடை வரும். கண்ணை மூடிக்கொண்டே, "உங்க நைனா வந்துட்டாரு பாரு" என்பாள் அம்மா. அவள் மூக்கு அப்படி.

பத்தாம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் கண்டாலோ சீழ் பிடித்தாலோ உடனே வரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதைக் கேட்டது நைனா. வீட்டில் ஆட்சி நடத்தியது அத்தை, நைனாவின் அக்கா. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக ராயப்பேட்டையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் மூக்குப்பொடி டப்பாவுமாக வந்து இறங்கினாள். வந்ததும் சட்டம் போட்டாள்.

"அறுத்த ஒடம்புடா. தண்ணி படக் கூடாது, காத்து படக் கூடாது. ஒண்ணு விட்டு ஒரு நாள் விரால், மொளகு பூண்டு தட்டிப் போட்டு. ஐஸ்ல கெடந்த பொணம் வேணாம், உயிர் மீனா வேணும். கெளுத்தி இந்த வாசப்படி ஏறக் கூடாது, கரப்பான், புண்ணு ஆறாது. இன்னா, காதுல உழுதா?"

"சரிக்கா" என்றார் நைனா. அவருக்கு முகமே தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நாள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனிதருக்கு, செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அடுத்த போர்ஷனில் பாய் மாமா இருந்தார். தி. நகரில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளில் ஏரிக்குத் தூண்டில் போடப் போகிறவர். ஐப்பசி மாதம், தீபாவளித் துணி தலைக்கு மேல் குவிந்திருக்கும் நேரம். ஆனாலும் விடிந்ததும் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிக் கடைக்கு ஓடிவிடுவார். நைனாவை அவர்தான் அழைத்துப் போனார். நான் அழுத அழுகையில் நைனா என்னையும் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு பட்டறைக்குக் கரண்ட் இல்லாத வியாழக்கிழமைகளிலும் நாங்கள் இருவர் மட்டும் போனோம்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். வடபழனி தாண்டினால் வயல். போரூர் தாண்டினால் ஒன்றுமே இல்லை. ஏரிக் கரைமேல் ஏறினதும் ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதும். சேறும் பாசியும் நனைந்த கோரையும் கலந்த வாசனை அதில் இருக்கும். புது மழைத் தண்ணீர் காவிக் கலரில் உள்ளே வந்துகொண்டிருக்கும். கரையின் கல்லோரத்தில் ஜிலேபி மீன் கொத்தும். மைதா மாவை உருட்டிப் போட்டால் கெண்டை வரும். மண்புழு போட்டால் கெளுத்தி. ஒரு தடவை கெளுத்தி முள் என் கட்டைவிரலில் ஏறி, மாலைவரை கை விண்விண்ணென்று தெறித்தது. ஒரு நாள் விலாங்கு மாட்டியது. நான் பாம்பென்று நினைத்துக் கரையேறி ஓட, பாய் மாமா உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதெல்லாம் எங்களுக்கு. கெளுத்தியைக் கரையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவோம். கெண்டையும் ஜிலேபியும் எங்கள் குழம்புக்கு. விரால் அம்மாவுக்கு. அதற்குச் சின்னத் தவளையைக் கோத்து, கோரைக்கு நடுவில் தத்தித் தத்திப் போகிற மாதிரி இழுக்க வேண்டும். நைனா தூண்டில் நரம்பு சுற்றுவதற்கென்று பட்டறையில் ஒரு பித்தளை உருளை கடைந்து வைத்திருந்தார். கைக்கு அடக்கமாக, நடுவில் ஒடுங்கி, இரண்டு ஓரத்திலும் விளிம்பு வைத்தது. வெயிலில் அது மின்னினால் மீன் ஓடிவிடும் என்று பாய் மாமா கிண்டல் செய்வார். நைனா அதை வேட்டியில் துடைத்துத் துடைத்து இன்னும் பளபளப்பாக்குவார்.

விரால் சுலபத்தில் சாகாது. நனைந்த சாக்கில் சுற்றி என் மடியில் வைத்தால் அசோக் நகர் வரும்வரை உயிரோடு இருக்கும். வழி முழுக்க என் தொடைமேல் மூச்சு விட்டுக்கொண்டே வரும்.

கொண்டுவந்ததைப் போட்டு வைக்க நைனா பாதியாக வெட்டிய தகர டிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் பின்பக்கம் வைத்தோம். முதல் மழைக்கே ஒரு விரால் எகிறி வெளியே விழுந்து, பூனை தலையை மட்டும் மிச்சம் வைத்தது. அதிலிருந்து டிரம் அறைக்குள் வந்தது. இருந்த ஒரே அறையில் அதற்கு இடம் அம்மாவின் கட்டில் காலோரம்தான். மேலே பலகை, பலகைமேல் அம்மிக்குழவி. படுத்தபடி அம்மா கையைத் தொங்கவிட்டால் டிரம்மைத் தொடலாம். உள்ளே மீன் புரண்டு தகரத்தில் இடித்தால், "தோ, எங்கூட்டாளி எழுந்துட்டான்" என்பாள்.

காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவது என் வேலை. பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்குக் காரணமே அதுதான், அத்தைக்குக் குனிய முடியாது. அதை நான் ஒழுங்காகச் செய்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். விராலைப் பக்கெட்டில் மாற்றி, டிரம்மைக் கவிழ்த்து, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, அடிபம்பில் அடித்து அடித்து நிரப்புவேன்.

இரண்டாவது வாரம் வீட்டில் நாற்றம் தொடங்கியது.

"இன்னா இது, மீன் செத்துப்போச்சா?" என்றார் நைனா, ஒரு சாயந்திரம் சட்டையைக் கழற்றிக்கொண்டே. பலகையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரால் நன்றாகவே இருந்தன. "தண்ணி மாத்துனியா இல்லியா?"

"மாத்துனேன் நைனா."

அத்தை மூக்குப்பொடி போடுகிறவள், அவளுக்கு எந்த வாடையும் உறைக்காது. ஆனாலும் தன் பங்குக்குச் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணியும் மீன் வாடையும் அதற்கு அடியில் வேறொன்றுமாக அறை நிறைந்திருந்தது. மறுநாள் நான் டிரம்மை மூன்று முறை கழுவினேன். அதற்கு மறுநாள் நைனா வாசலில் நுழைந்ததும் நின்றார். நேராக வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு டிரம்ம கழுவத் துப்பில்ல. நோயாளி படுத்துக்கினு கீற எடம் இது."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், நான் மறுபடி டிரம்மைச் சாய்க்கப் போனேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"கழுவாத கண்ணு. அது மேல தப்பு இல்ல."

புடவையை விலக்கிக் காட்டினாள். தையல் பிரித்த கோட்டின் ஒரு முனை திறந்திருந்தது. அதில் அவளே கிழித்து அடைத்த துணி. துணி பச்சை பாய்ந்திருந்தது. அதை அவள் லேசாக எடுத்ததும் நான் இத்தனை நாள் டிரம்மில் தேய்த்துக்கொண்டிருந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அத்தை ஒவ்வொரு நாளும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தருவாள். "நானே வெச்சுக்கறேன் அண்ணி" என்று அம்மா வாங்கிக்கொள்வாள். அவளுக்குக் கூச்சம். அதனால் யாருமே பார்க்கவில்லை.

"நைனாகிட்ட சொல்லட்டா?" என்றேன்.

"வேணாம். சொன்னா மறுக்கா அங்க இட்டுக்கினு பூடுவாரு. எம் பக்கத்துக் கட்டிலு ரெண்டு தபா காலியாச்சு. நான் போ மாட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இன்னும் நாலஞ்சு விரால் துன்னா ஆறிப் பூடும். உங்க அத்த சொல்லிக்கீறாங்க இல்ல? தீவாளி வரைக்கும் பாப்போம். அப்பவும் ஆறலன்னா நானே சொல்றேன். எம் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஒன்பது வயது. அம்மாமேல் சத்தியம் செய்துவிட்டு மீறினால் அம்மா செத்துப்போவாள் என்று நம்பிய வயது.

அன்றிலிருந்து அந்தத் துணிகளை நான்தான் அடிபம்புப் பக்கம் கொண்டுபோய்க் கசக்கினேன். பாய் வீட்டு மாமி, "இன்னா பாப்பா இது, இம்மாம் வாட?" என்று கேட்டபோது, மீன் துடைத்த துணி என்றேன். நைனா இன்னும் இரண்டு முறை டிரம்முக்காகத் திட்டினார். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். என் கவலையெல்லாம் ஒன்றுதான். தீபாவளிக்குள் விரால் வேண்டும்.

ஏரியில் விரால் நின்றுவிட்டது. மழை விடாமல் பெய்து தண்ணீர் கலங்கி, கெளுத்தியும் ஜிலேபியும்தான் வந்தன. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு டிரம்மில் ஒரே ஒரு விரால்தான் மிச்சம். அன்று காலை மதகுப் பக்கத்தில் நான்தான் முதலில் பார்த்தேன். கோரைக்கு நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனையும் விரால் குஞ்சுகள், நெல்மணி அளவுக்கு. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு முதுகு மெதுவாகச் சுற்றி வந்தது.

"நைனா, விரால்" என்றேன்.

பாய் மாமா எட்டிப் பார்த்தார். "அத வுட்டுடுப்பா. பார்ப்போட நிக்குது. நான் எத்தினியோ வருசமா தூண்டி போட்டுக்கினு கீறேன், பார்ப்போட நிக்கறத மட்டும் தொட்டதில்ல. யாரும் தொட மாட்டாங்க."

"தெரியும் பாய்" என்றார் நைனா. தூண்டிலை வேறு பக்கம் திருப்பினார். உண்மையிலேயே திருப்பினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "அம்மாக்கு வேணும் நைனா. வூட்ல ஒண்ணுதான் கீது."

"வேற கெடைக்கும்மா."

"கெடைக்காது. இது வேணும்." அழ ஆரம்பித்துவிட்டேன். ஏன் இப்படி அழுகிறாய் என்று அவர் கேட்டிருந்தால் அந்த நிமிஷத்தில் சொல்லியிருப்பேன், சத்தியமாவது ஒன்றாவது. அவர் கேட்கவில்லை. என்னையும் மதகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தவளையைக் கோத்தார்.

குஞ்சோடு நிற்கிற விராலைப் பிடிக்கத் திறமை எதுவும் வேண்டாம். அது பசிக்காக வருவதில்லை. குஞ்சுகளுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் அடிக்கும். தவளை தண்ணீரில் விழுந்த சத்தமும் நரம்பு இழுபட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டது. நைனா உருளையைச் சுற்றினார். பெரிய மீன், அந்த மாதத்திலேயே பெரியது. கரையில் விழுந்து சேற்றில் அடித்துக்கொண்டது. சிவப்புக் குஞ்சுகள் கொஞ்ச நேரம் அதே இடத்தில் கூடி நின்றன. பிறகு கலைந்தன. பிறகு கெண்டைகள் வந்தன. தண்ணீர்மேல் சின்னச் சின்னதாக வாய்கள் தெரிந்தன.

பாய் மாமா எழுந்தார். தன் நரம்பைச் சுற்றி எடுத்து, "கடைல வேல கீதுப்பா" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மணி எட்டுகூட ஆகியிருக்காது.

திங்கட்கிழமை பழைய விராலைக் குழம்பு வைத்தார்கள். அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள். செவ்வாய்க்கிழமை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சாயந்திரம் அவளுக்கு யார் யாரென்றே தெரியவில்லை. என்னை 'அண்ணி' என்று கூப்பிட்டாள். நைனா அவளைப் போர்வையோடு அள்ளி ஆட்டோவில் போட்டார். அத்தையும் நானும் ஒண்டிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் நைனாவை ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டுத்தான் புண்ணில் அடைத்திருந்த துணியை எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா மூக்கை மூடிக்கொண்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார்: "இவ்வளவு வாடையில இத்தனை நாளா எப்படிம்மா வீட்டுல இருந்தீங்க?"

"வூட்ல உயிர் மீனு வெச்சிருந்தோம்மா" என்றாள் அத்தை. "அந்த வாடன்னு..." முடிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் அம்மாவின் வயிற்றுத் துணி ஒன்று இருந்தது. அவசரத்தில் எடுத்துவந்துவிட்டேன் போல. அத்தை அதை என் கையிலிருந்து பிடுங்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பற்றி அவள் தன் தம்பியிடம் கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைக் காப்பாற்றினாளா, தன்னையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை காலை அம்மா போய்விட்டாள். தெருவெல்லாம் வெடிச் சத்தம். பாய் மாமா தைத்துக் கொடுத்திருந்த என் தீபாவளிப் பாவாடை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று நைனா பலகையைத் தூக்கினார். அந்தத் தாய் விரால் டிரம்முக்குள் அப்படியே இருந்தது. நான்கு நாளாகத் தண்ணீர் மாற்றாமல் கிடந்தும் சாகவில்லை. அதைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்து, சைக்கிளை ஏரிக்கு விட்டார். மதகுப் பக்கத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று மீனை விட்டார். கொஞ்ச நேரம் அது அவர் காலடியிலேயே நின்றது. கோரைக்கு நடுவில் சிவப்பாக எதுவும் இல்லை. பிறகு போய்விட்டது.

"பாய் சொன்னாரு" என்றார். "நான்தான் கேக்கல. புள்ளைங்கள்ட்டருந்து பிரிச்சேன். அதான் உன்கிட்டருந்து அவள எடுத்துக்கிச்சு."

நான் சொல்லியிருக்கலாம். காரணம் அது இல்லை நைனா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்து டிரம்மைத் தெருவில் கவிழ்த்தோம். அறையைக் கழுவி விட்டார்கள். நைனா வாசற்படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "மீனு போனதும் நாத்தமும் பூட்ச்சு பாரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தூண்டில் தொடவில்லை, மீனும் சாப்பிடவில்லை. அந்தப் பித்தளை உருளை எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு மாறியபோது தேடினேன், கிடைக்கவில்லை.

நைனா இப்போது கே.கே. நகரில் என்னோடுதான் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். சர்க்கரையால் காலில் ஒரு புண், நாலு மாதமாக ஆறவில்லை. தினமும் காலையில் நான்தான் கட்டு மாற்றுகிறேன். விரால் சூப் வேண்டுமென்றால் கொடுங்கள், நண்பர்களே, அதில் குற்றமில்லை. கட்டைத் திறந்து பாருங்கள், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு நாளும் பிரித்த துணியை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறேன். வாரம் ஒரு தடவை வந்து பார்க்கிற நர்ஸ் பெண் முகம் சுளிக்கிறாள். அவள் சுளிக்கட்டும்.

நேற்று நைனாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. நான் முகர்வதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"நாத்தம் அடிக்குதா?"

"இல்ல நைனா. சுத்தமா கீது."

பல்லில்லாத வாயால் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்கிறார். "இப்ப துணிய மோந்து மோந்து பாக்குற. அப்ப ஒரு டிரம்ம கழுவத் துப்பில்ல ஒனக்கு."

நான் புதுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

"ஆமா நைனா" என்றேன். "அப்ப ஒழுங்கா கழுவல."